ஒரே மெயில், ஒரே பாஸ்வேர்டு

நான் உக்காரலாமா மேடம்? மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பிடுவேன். ஆம்பளைங்க ஆபீஸ் ரூமைத் தாண்டி உள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல போர்டு பார்த்தேன். நல்ல ஏற்பாடு. வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல்னா அப்படித்தான் இருக்கணும். நான் தாண்ட மாட்டேன். இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டேன், போதுமா?

வசுமதின்னு யாரும் இங்க இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. போட்டோவைக் காட்டினேன், பார்த்ததே இல்லைன்னுட்டீங்க. சரி. நான் நம்பலைன்னு சொல்லல. சண்டை போடவும் வரல. என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன், அவ்வளவுதான். திண்டுக்கல்லேருந்து திருச்சிக்கு பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன். என் பேரு தனபாலன். ஒரு மில்லு ஆபீஸ்ல சிஸ்டம் பார்க்கிறேன். அங்க எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணாலும் தனபாலனைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க.

உங்க கம்ப்யூட்டரும் ரொம்ப மெதுவா இருக்குதே மேடம். போட்டோவைக் காட்டக் குனிஞ்சப்ப பார்த்தேன், அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் வேணா பார்க்கட்டுமா? சும்மாதான். அஞ்சு நிமிஷ வேலை. வேண்டாமா? சரி சரி, அப்புறம் பார்க்கலாம். எனக்கு இந்த மாதிரி உதவி பண்றது ஒரு பழக்கம். யாரு வீட்டுக்குப் போனாலும் முதல்ல அவங்க கம்ப்யூட்டரைத்தான் பார்ப்பேன். காபி குடுக்கறதுக்குள்ள அதைச் சரி பண்ணிடுவேன்.

டீயா? எதுக்கு மேடம் சிரமம். சரி, சொல்லுங்க. சமையக்கார அம்மா காதுல ரகசியமா சொல்றீங்க, சக்கரை கம்மியாப் போடச் சொல்றீங்களா? எனக்குச் சக்கரையெல்லாம் இல்ல, தாராளமாப் போடச் சொல்லுங்க.

உங்ககிட்ட நரி இருக்கு. ஆமா, அந்த ஆரஞ்சுக் கலர் நரி, உங்க டெஸ்க்டாப்ல. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். குனிஞ்சப்ப அதைப் பார்த்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. தப்பா நினைக்காதீங்க, உங்களைச் சொல்லல. ஆளுக்கு ஒரு ருசி. எங்க ஜி.எம். எட்ஜ்தான் திறப்பாரு. மெஷினோட வந்ததை எதுக்கு மாத்தணும்பாரு. எனக்குக் குரோம்தான். ஏன்னு கேட்டீங்கன்னா, போன்ல பாதி படிச்சதை ஆபீஸ்ல மீதி படிக்கலாம். வீட்டுல தேடினது கையில வந்து நிக்கும். எல்லாம் ஒரே மெயில், ஒரே பாஸ்வேர்டு. அதுக்காகத்தான். நரியிலயும் அந்த வசதி இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு அவ வேற பேரு, வேற பாஸ்வேர்டு போட்டா பாருங்க, பிரச்சினையே அங்கதான்.

என்ன நடந்துச்சுன்னு கேட்டா சொல்றேன். கேக்கறீங்களா? நீங்கதான் மேடம் முதல்ல கேட்டது. எங்க வீட்டுல, அவங்க வீட்டுல, ஒருத்தரும் என்னை முழுசாப் பேச விடல.

கல்யாணமானதும் நான் அவளுக்கு முதல்ல வாங்கிக் குடுத்தது போனுதான். நகை, புடவையெல்லாம் எல்லாரும் வாங்கறது. நான் போன் வாங்கி, கவரைப் பிரிச்சு, நானே எல்லாத்தையும் போட்டு, என் மெயில் ஐடியைப் போட்டுக் குடுத்தேன். அவளுக்கு காலேஜ்ல ஒரு மெயில் இருந்துச்சு. ‘என் மெயிலையே போட்டுக்கறேங்க’ன்னா. ‘குடும்பம் ஒண்ணாயிட்டப்புறம் மெயில் ரெண்டு எதுக்கு வசு?’ன்னு கேட்டேன். சிரிச்சா. சிரிச்சாளா இல்லையா? அப்போ அவளுக்குச் சம்மதம்தான?

நான் வேவு பார்க்கணும்னு நினைச்சு அதைப் பண்ணல. சத்தியமா. ஆனா என் அக்கவுண்ட்தான, நான் திறந்தா அவ தேடினது கீழ வந்து நிக்குது. கண்ணுல படறதைப் படிக்காம எப்படி இருக்கறது? மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஹிஸ்டரியைத் திறந்து பார்த்துடுவேன். அவ வீட்டுல உக்காந்து என்ன யோசிக்கிறான்னு எனக்குத் தெரியும். மில்லுல எத்தனை பேருக்கு அவனவன் பொண்டாட்டி என்ன நினைக்கிறான்னு தெரியும்? ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது. எங்க ரெண்டு பேரு மாதிரி மனசு ஒத்துப்போன ஜோடி கிடையாதுன்னு நான் பெருமையா நினைச்சேன்.

ஒரு நாள் ரசவாங்கி எப்படிப் பண்றதுன்னு தேடியிருந்தா. சாயங்காலம் செருப்பைக் கழட்டறப்பவே ‘என்ன வசு, இன்னிக்கு ரசவாங்கியா?’ன்னேன். அடுப்புல இருந்த பாத்திரத்தோட மூடியே அவ திறக்கல. கையிலேருந்து கரண்டி விழுந்துடுச்சு அவளுக்கு. எனக்கு ஒரே சிரிப்பு. ‘உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?’ன்னு கேட்டா. ‘உன் மனசு எனக்குத் தெரியாதா?’ன்னேன். அன்னிக்கு அவ சரியாச் சாப்பிடல.

அப்புறம் இந்தத் தைலம். இதைக் கேளுங்க, இதுக்கு மேல ஒரு புருஷன் என்ன பண்ண முடியும்னு சொல்லுங்க. தோள் மூட்டு விலகியிருந்தா எப்படித் தெரியும்னு தேடியிருந்தா. கைய மேல தூக்க முடியலைன்னா என்ன பண்றது, எக்ஸ்ரே எடுக்கணுமா, இப்படி வரிசையா. நான் என்ன பண்ணேன்? வேலை முடிஞ்சதும் நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போயி நல்ல தைலமா வாங்கிட்டு வந்து, அவ ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி, ‘கையக் காட்டு, தேய்ச்சு விடறேன்’னேன். சுவத்தோட ஒட்டி நின்னுட்டா. ‘நான் உங்ககிட்ட வலிக்குதுன்னே சொல்லலையே’ங்கறா. ‘சொல்லாமலே தெரிஞ்சுக்கிறவன்தான் புருஷன்’னேன்.

வலி எப்படி வந்துச்சா? அது முந்தின நாள், அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்னு பையோட கதவுகிட்ட நின்னா. மழை. இந்த மழையில எங்க போறன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். லேசாத்தான். அவ கதவைப் பிடிச்சுக்கிட்டா, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பிடிவாதம்.

டீ இன்னும் வரலையே மேடம்? பரவாயில்ல, அவசரமில்ல.

அதுக்கப்புறம் ஹிஸ்டரி மாறிப்போச்சு. மழை வருமா, இன்னிக்கு ராகு காலம் எப்போ, பாகற்காய்ல கசப்பு போக என்ன பண்ணணும். இவ்வளவுதான். அதுக்கு முன்னாடி என்னென்னவோ தேடுவா. எம்.எஸ்ஸி. அஞ்சல் வழியில படிக்கலாமான்னு தேடியிருந்தா. நான் திட்டல. சாப்பிடும்போது, ‘மேல படிச்சு என்ன பண்ணப் போற?’ன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். அவ யாருகிட்டயும் சொல்லலையாம். சுத்திமுத்தியும் பார்த்தா. வீட்டுக்குள்ள யாரோ ஒளிஞ்சிருக்கிற மாதிரி.

பாகற்காய் மட்டும் தேடற பொண்டாட்டி எனக்கு எதுக்கு மேடம்? அவ மனசுல இருந்ததெல்லாம் எங்க போச்சு? மில்லுல உக்காந்திருப்பேன். நாலு தடவை அஞ்சு தடவை திறந்து பார்ப்பேன். மழை வருமா. மழை வருமா. அவ்வளவுதான் இருக்கும். ஜன்னலைத் திறந்து பார்த்தா தெரியப்போகுது மழை வருமான்னு!

ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூலையில நரி.

நான் கேக்கல. அதை எடுத்துட்டேன். அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். அடுத்த வாரம் பார்க்கிறேன், திரும்ப அங்கயே இருக்கு. எடுத்தேன். வந்துச்சு. எடுத்தேன். வந்துச்சு. ஐப்பசி மாசம் பூரா இதேதான். வெளியில மழை ஊத்துது, வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவ சோறு போடுவா, நான் சாப்பிடுவேன். தண்ணி வேணுமான்னு கேப்பா. ராத்திரி பக்கத்துலதான் படுப்பா. காலையில நரி இருக்கும். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும்.

நான் அதுக்குள்ள போய்ப் பார்க்காம இருப்பேனா? பார்த்தேன். சுத்தம். ஒரு வரி இல்ல. துடைச்சு வச்சிருந்தா. எப்படின்னா, அதுல ஒரு ஏற்பாடு இருக்கு. மூடும்போது எல்லாத்தையும் மறந்துடுன்னு சொல்லி வச்சிடலாம். எங்கயா? மேல வலது ஓரத்துல மூணு கோடு இருக்கும் பாருங்க. அதுக்குள்ள செட்டிங்ஸ். இடது பக்கம் பிரைவசின்னு வரும், அதைத் தொட்டுக் கீழ இறங்குங்க. ஹிஸ்டரின்னு இருக்கா? அதேதான். இப்பவே துடைக்கணும்னா அதுலயே துடைச்சுக்கலாம். நீங்க ரொம்ப ஆர்வமாக் கேக்கறீங்க மேடம், சந்தோஷமா இருக்கு. வசு ஒரு நாளும் எங்கிட்ட இப்படி எதுவும் கேட்டதில்ல. தானாவே கத்துக்கிட்டா.

துடைச்சு வச்ச ஹிஸ்டரியைப் பார்த்தாத்தான் மேடம் எனக்குப் பயம். ஏதாவது எழுதியிருந்தா அதைப் படிச்சுட்டுப் போயிடலாம். கெட்டதா இருந்தாக்கூடப் பரவாயில்ல. ஒண்ணுமே இல்லைன்னா, இவ உள்ள எவ்வளவு வச்சிருக்கான்னு நினைச்சு நினைச்சே எனக்குத் தூக்கம் போயிடும்.

கடைசியில நானே கேட்டேன். கோவமாக் கேக்கல. ‘குரோம்ல என்ன குறைச்சல் வசு? உனக்கு எதுக்கு அது?’ன்னேன். அவ துணி மடிச்சுக்கிட்டிருந்தா. நிமிர்ந்து பார்க்காம, ‘அதுல எழுதும்போது என் பின்னாடி யாரும் நிக்கலைங்க’ன்னா.

இது ஒரு பதிலா மேடம்? நான் எப்போ அவ பின்னாடி நின்னேன்? நான் மில்லுல இருக்கேன். ஒம்பது கிலோமீட்டர் தள்ளி.

அதுக்கப்புறம் நான் வீட்டு இன்டர்நெட் மோடத்தைக் கழட்டி என் பையில போட்டு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். சாயங்காலம் கொண்டாந்து மாட்டிடுவேன். தண்டனை இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரு ஓய்வு. போன்ல ரீசார்ஜ் முடிஞ்சிருந்துச்சு, அதையும் அப்படியே விட்டேன். போன் இல்லாமதான எங்கம்மா காலத்துல குடித்தனம் பண்ணாங்க? வெளிய பூட்டிட்டுப் போனது நாலஞ்சு நாள்தான். அதுவும் எங்க தெருவுல திருட்டு பயம்.

வாங்கம்மா, டீ கொண்டாந்துட்டீங்களா. என்னம்மா, தொப்பலா நனைஞ்சிருக்கீங்க? குடை எடுத்துட்டுப் போகலையா? பின்பக்கம் ஆட்டோ சத்தம் கேட்டுச்சே, கடைக்கா போனீங்க? காய்கறி இறக்கினாங்களா. சரி சரி. இந்த மழையிலயும் காய் கொண்டாந்து போடறான் பாருங்க. டீ நல்லா இருக்கு மேடம். சூடா இருக்கு.

எங்க விட்டேன்? பூட்டு. ஒரு நாள் சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தா வீட்டுல ஆள் இல்ல. பின்பக்கக் கதவோட தாழ்ப்பாளை ஸ்க்ரூ எல்லாம் கழட்டி, அழகா ஜன்னல் திட்டுல வரிசையா வச்சிட்டுப் போயிருக்கா. உடைக்கக்கூட இல்ல. போன் அரிசி டப்பா மேல இருந்துச்சு. எடுத்துத் திறந்தா ‘வணக்கம்’ங்குது, புதுப் போன் மாதிரி. எல்லாத்தையும் அழிச்சிருக்கா. நான் போட்டுக் குடுத்த மெயிலை எடுத்துட்டா. நான் அப்படியே அடுப்படியில உக்காந்து அழுதேன் மேடம். நிஜமா அழுதேன். ரெண்டு வருஷம் அவ நினைக்கறதெல்லாம் என் கையில இருந்துச்சு. இப்போ அவ சாப்பிட்டாளான்னுகூட எனக்குத் தெரியாது.

அவ அக்கா சாரதாவுக்குப் போன் பண்ணேன், கரூர்ல இருக்காங்க. ‘இங்க வரல, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னாங்க. பொய். அவங்க பொய்தான் சொல்லுவாங்க, அக்காவாச்சே. நான் வற்புறுத்தல. ‘சரிங்க அண்ணி, தகவல் தெரிஞ்சா சொல்லுங்க’ன்னு வச்சுட்டேன். எனக்குக் கோவமே வரல தெரியுமா? ஏன்னா எனக்கு வேற வழி இருந்துச்சு.

போன வருஷம் அவங்க வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தோம். பிள்ளைங்க படிக்க கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருந்தாங்க, ஒண்ணும் தெரியல அவங்களுக்கு. நான்தான் உக்காந்து எல்லாத்தையும் போட்டுக் குடுத்தேன். ‘மாப்பிள்ளை கைராசி’ன்னாங்க. குரோம் போட்டேன், மெயில் ஐடி கேட்டுச்சு. அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நான் என்னோடதைப் போட்டேன்.

பார்த்தீங்களா? சிரிக்க மாட்டேங்கறீங்க. இதுக்கு எல்லாரும் சிரிப்பாங்க.

அவங்களுக்கு அது நினைப்பே இல்ல. வசுவுக்கும் தெரியாது, அவ அப்போ உள்ள அடை தட்டிக்கிட்டிருந்தா. தன் போனை அவ்வளவு கவனமாத் துடைச்சா பாருங்க, அக்கா வீட்டுல போயி என் மடியிலயே உக்காந்துட்டா. நான் மில்லுல சீட்டுல உக்காந்திருக்கேன், ஒவ்வொண்ணா வருது. திருச்சி வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. தோள் பட்டை எக்ஸ்ரே திருச்சி புத்தூர். அப்புறம் உங்க ஹாஸ்டல் பேரு. பேரு, போன் நம்பர், எப்படி வர்றதுன்னு மேப்பு. மேப்பை ரெண்டு தடவை பார்த்திருக்கா. வழி தெரியாம தடுமாறிடுவாளோன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. தனியா பஸ் ஏறிப் பழக்கமில்ல அவளுக்கு. நான் விட்டதில்ல.

அதனால, நீங்க இல்லைன்னு சொல்றப்ப நான் பேசாம இருக்கேன்ல, அது உங்களுக்காக மேடம். வயசுல பெரியவங்க. பெரியவங்களைப் பொய் சொன்னீங்கன்னு நான் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேன். நீங்களா எந்திரிச்சுப் போயி, ‘வசுமதி, உன் புருஷன் வந்திருக்காரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டீங்கன்னா, நான் அவளை எதுவும் கேக்க மாட்டேன். ஒரு கேள்வி கேக்க மாட்டேன். வீட்டுக்குப் போனதும் புது போன் வாங்கித் தந்துடறேன்.

மாட்டீங்களா?

சரி. ஒரு நிமிஷம். நீங்க உக்காருங்க. அந்த மானிட்டரை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கறேன். எதையும் உடைக்க மாட்டேன், மவுஸைக் குடுங்க. குடுங்க மேடம். எந்திரிக்க மாட்டேன்னு சொன்னேன்தான். உக்காந்தா எட்டாதே, அதுக்காக எந்திரிச்சேன். நீங்க நரிதான வச்சிருக்கீங்க, வசுவும் நரிதான். இங்க இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் இது. அவகிட்ட போன் இல்ல. ஒரு தடவையாவது இதுல உக்காந்திருப்பா. அவ உக்காந்திருந்தா எனக்குத் தெரிஞ்சுடும். ரெண்டு வரி படிச்சாப் போதும், அது அவளா இல்லையான்னு நான் சொல்லிடுவேன்.

மூணு கோடு. ஹிஸ்டரி.

ஒண்ணும் இல்லையே.

இன்னிக்கு ஒண்ணும் இல்ல. நேத்தும் இல்ல. போன மாசம் இல்ல. ஒரு ஹாஸ்டல் கம்ப்யூட்டர் மேடம் இது, இத்தனை பொண்ணுங்க இருக்காங்க, ஒரு கரன்ட் பில்லுகூட இதுல கட்டலையா நீங்க? நான் வந்தப்ப ஏதோ பேஜ் திறந்துதான இருந்துச்சு, வட்டம் சுத்துச்சே?

நீங்க இப்போ துடைச்சிருக்கீங்க. நான் எதிர்ல உக்காந்திருக்கும்போதே. மூணு கோடு எங்க, செட்டிங்ஸ் எங்கன்னு கேட்டுக்கேட்டு, நான் சொல்லச் சொல்ல. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அப்போ அவ இங்கதான் இருந்திருக்கா. இருந்தா. நான் உள்ள வரும்போது இருந்தா. டீக்கு அரை மணி நேரம்... அந்த அம்மா நனைஞ்சு வந்தாங்க... ஆட்டோவுல காய் எதுவும் வரல. ஏறிப் போயிருக்கா. நான் தைலத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தப்போ என் பொண்டாட்டி பின்வாசல்ல ஆட்டோ ஏறியிருக்கா. நீங்க ‘அப்புறம்?’ ‘அப்புறம்?’னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நான் நீங்க ஒருத்தராவது கேக்கறீங்களேன்னு...

எங்க போனா? சொல்லுங்க. எந்தப் பஸ்?

எனக்கு அவ வேணும் மேடம். நான் கெட்டவன் இல்ல. அவ என்ன நினைக்கிறான்னு தெரியாம அந்த வீட்டுல என்னால உக்கார முடியல. சுவரு நெருக்குது. ஒரு வரி போதும் எனக்கு, எங்க இருக்கா, என்ன தேடறா, ஒரு வரி.

சரி. சொல்ல மாட்டீங்க. அவ போயிட்டா. ஆனா நீங்க எங்கயும் போக மாட்டீங்கல்ல? இதே ஹாஸ்டல்தான, இதே நாற்காலிதான? உங்களுக்கும் ஒரு போன் இருக்கும். பேரன் பேத்தி யாராவது வெளியூர்ல இருப்பாங்க. வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், யாராவது வந்து அதைச் சரி பண்ணுவாங்க. எனக்கு அவசரமே இல்ல மேடம். நான் பொறுமையாப் பார்க்கிறவன். எல்லாம் தானா என் கைக்கு வரும். வந்துக்கிட்டேதான் இருக்கு எனக்கு.

நான் கிளம்பறேன். மழை நிக்காட்டியும் பரவாயில்ல.

யாருங்க இது, இத்தனை பொண்ணுங்க? என்ன, வேலை விட்டு வந்தா நேரா உங்க ரூமுக்குப் போக மாட்டீங்களா? கொஞ்சம் வழி விடுங்கம்மா. வாசலை அடைச்சுக்கிட்டு நின்னா எப்படிப் போறது? மேடம், சொல்லுங்க இவங்ககிட்ட. நான் யாரையும் தொடல, ஒண்ணும் பண்ணல, உக்காந்து டீ குடிச்சேன், அவ்வளவுதான். இப்படி எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னா எனக்கு என்னவோ பண்ணுது. தள்ளச் சொல்லுங்க மேடம்.

அந்தப் பச்சைச் சுடிதார் போட்ட பொண்ணு எதுக்குப் போனை என் பக்கமே தூக்கிப் பிடிச்சிருக்கு? கீழ இறக்கச் சொல்லுங்க. என்ன எடுக்குது அது, வீடியோவா? யாருக்கு அனுப்பப் போகுது? என்னைக் கேக்காம நான் பேசறதை அது எப்படி எடுக்கலாம்?

மேடம். அந்தப் பொண்ணு எப்போ வந்துச்சு? நான் தோள் வலி எப்படி வந்துச்சுன்னு சொன்னேனே, அப்பவும் அங்கதான் நின்னுச்சா?